அக்காவும் தம்பியும் ஒன்றாம் வகுப்பில்

(தருமபுரியில் நடந்த வாசகர் வட்டக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியை ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)

எல்லோருக்கும் வணக்கம். ஏழை நாடுகளில் ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் சமமாகத் தொடக்கப் பள்ளியில் சேருகிறார்களா என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் இந்தப் பக்கத்து இரண்டு மாவட்டங்களைத் தாண்டி வேலை பார்த்தவள் இல்லை. அதனால் முதலில் நம்ம ஊர்ச் சேர்க்கைப் பதிவேட்டைத் திறக்கிறேன். ஆப்பிரிக்காவில் இருக்கிற மலாவிக்கும், வங்கதேசத்துக்கும் அப்புறம் போவோம்.

பென்னாகரம் பக்கம் ஒரு பள்ளி. ஜூன் மாதம். ஓர் அம்மா மகனைச் சேர்க்க வந்தார். பிறப்புச் சான்றிதழ் கிடையாது. அந்தக் காலத்து வழக்கப்படி, வலக்கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடு என்றேன். பையனுக்கு விரல் நுனிதான் எட்டியது. பின்னால் நின்றிருந்த அக்கா, "இப்படிடா" என்று செய்து காட்டினாள். அவள் கை காதைத் தாண்டிக் கன்னத்துக்கே வந்துவிட்டது. எட்டு வயது இருக்கும்.

"பாப்பாவை ஏம்மா இத்தனை நாள் சேர்க்கலை?"

"இவனைத் தூக்கி வெச்சிக்க ஆள் வேணுமே டீச்சர்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, இவளையும் எழுதிக்கோங்க. அவன் அழுதான்னா பாத்துக்குவா."

எழுதிக்கொண்டேன். இரண்டு பேருக்கும் பிறந்த தேதியை நான்தான் போட்டேன். (இந்தப் பக்கத்தில் என் வயதுக்காரர்கள் பலர் மே, ஜூனிலேயே பிறந்திருப்பதற்குக் காரணம் எங்களைப் போன்ற வாத்தியார்கள்தான்.) அன்றைய சேர்க்கை ஆண் ஒன்று, பெண் ஒன்று. சரிசமம்.

உலக அளவில் இதை அளக்க ஒரு எண் வைத்திருக்கிறார்கள். பாலினச் சமநிலைக் குறியீடு என்று பெயர். சிறுமிகளின் சேர்க்கை விகிதத்தைச் சிறுவர்களின் சேர்க்கை விகிதத்தால் வகுக்க வேண்டும். 1 வந்தால் சமம். 0.97-க்கும் 1.03-க்கும் நடுவில் இருந்தாலும் சமம் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் இதற்கு எடுப்பது மொத்தச் சேர்க்கை விகிதம். அதில் வயது பார்ப்பதில்லை. ஒன்றாம் வகுப்பில் எட்டு வயதுப் பிள்ளை உட்கார்ந்திருந்தாலும் ஒரு தலைதான். அவள் தம்பியை இடுப்பில் சுமந்த மூன்று வருஷம் எந்தக் கட்டத்திலும் வராது.

நூற்றுக்கு 40 சிறுவர், 40 சிறுமியர் மட்டும் பள்ளிக்குப் போகும் நாட்டுக்கும் குறியீடு 1தான். இன்னொன்று நமக்கே உறைக்கிற கணக்கு. உயிரோடு இருக்கும் சிறுமிகளில் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதுதான் விகிதம். பிறக்கவே விடாதவர்கள், பிறந்தும் விட்டுவைக்காதவர்கள் அதில் இல்லை. வளர்க்க விரும்பாத பெண் குழந்தையை அரசுத் தொட்டிலில் விட்டுப் போகலாம் என்று 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001-ல் தருமபுரிக்கும் கொண்டுவந்தார்களே, சும்மாவா? அந்த வருஷக் கணக்கெடுப்பில் இங்கே ஆறு வயது வரைக்கும் ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 900 பெண் குழந்தைகள்கூட இல்லை. அப்படி ஒரு மாவட்டத்தில் இருக்கிற பிள்ளைகள் எல்லோரும் பள்ளியில் சேர்ந்துவிட்டால் குறியீடு 1 என்றுதான் காட்டும். வகுப்பறைக்குள் எட்டிப் பார்த்தால்தான் பெண்கள் பக்கப் பாயில் இடம் காலியாகக் கிடப்பது தெரியும்.

எண்ணே வேண்டாம் என்று சொல்லவில்லை. 2000-ல் செனகல் நாட்டு டாக்கரில் கூடிய நாடுகள், 2005-க்குள் தொடக்கப் பள்ளியிலும் உயர்நிலைப் பள்ளியிலும் ஆண் பெண் வித்தியாசத்தை ஒழிப்போம் என்றன. 2005 வந்தது, பல நாடுகளில் ஒழியவில்லை. ஆனாலும் அந்தக் கெடு வைத்ததால் சில கதவுகள் திறந்தன. மலாவி அதற்கும் முந்தியது. 1994-ல் தொடக்கப் பள்ளிக் கட்டணத்தை எடுத்தார்கள். 19 லட்சமாக இருந்த பிள்ளைகள் ஒரே வருஷத்தில் ஏறக்குறைய 30 லட்சம் ஆனார்கள். ஒரு பிள்ளைக்குத்தான் கட்ட முடியும் என்றால் மகனுக்குத்தான் கட்டுவார்கள். இதற்கு ஆப்பிரிக்கா வரை போக வேண்டாம். இன்றைக்கும் மகன் வேனில் இங்கிலீஷ் மீடியம் போகிறான், மகள் நடந்து அரசுப் பள்ளிக்கு வருகிறாள். சேர்க்கைக் கணக்கில் இரண்டும் ஒன்றுதான்.

கட்டணம் போனால் மட்டும் போதுமா? என் பள்ளியில் பைசா கட்டணம் கிடையாது, மதியம் சோறும் உண்டு. பிப்ரவரி, மார்ச்சில் புளி வரும். களத்தில் தட்டி, ஓடு உதிர்த்து, நார் உரித்து, உட்கார்ந்து கொட்டை எடுக்க வேண்டும். கூலி எடைக்குத்தான், அதனால் எத்தனை கை இருந்தாலும் லாபம். இரண்டு நாள் வராத பிள்ளையிடம் காரணம் கேட்க மாட்டேன். சிலேட்டைப் பிடிக்கிற கட்டைவிரலைப் பார்ப்பேன். நகக்கண்ணில் கருப்பு ஏறி, புளிப்புப் பட்ட இடம் வெடித்திருக்கும். பையன்கள் விரலில் அதைப் பார்த்தது குறைவு. ஒரு மார்ச் மாதம் பார்வையிட வந்த அதிகாரி, ஆண் பெண் சரிபாதியாக இருக்கிற பதிவேட்டைப் பார்த்து என்னைப் பாராட்டிவிட்டுப் போனார். அன்றைக்கு ஆறு பெண் பிள்ளைகள் களத்தில் இருந்தார்கள். நானும் வாயைத் திறக்கவில்லை.

பெயர் பதிவேட்டில் இருந்தால் போதாது, பிள்ளை வர வேண்டும் என்பதை வங்கதேசம் பிடித்துக்கொண்டது. 1994-ல் தொடங்கி, கிராமப்புறங்களில் ஆறாம் வகுப்பு முதல் படிக்கும் பெண்களுக்கு உதவித்தொகை கொடுத்தார்கள். 75 சதவீதம் வருகை வேண்டும், 45 சதவீதம் மதிப்பெண் வேண்டும், கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது என்றார்கள். மூன்றாவது நிபந்தனை எனக்கு ரொம்பப் பிடித்தது. நாமும் 1989-ல் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் பணம் கொடுத்தோம். எட்டாவது படித்த பெண்ணுக்கு 5,000 ரூபாய், அது கல்யாண உதவி. நான் குறை சொல்ல மாட்டேன், அந்தப் பணத்துக்காகவே எட்டாவது வரை வந்தவர்கள் உண்டு. 2022-ல் அதை மாற்றி, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் என்றார்கள். கல்யாணத்தோடு கட்டியிருந்த பணத்தை அவிழ்த்துக் கல்லூரியோடு கட்ட 33 வருஷம் ஆகியிருக்கிறது.

அந்த அக்காவுக்கு இந்த ஆயிரம் ரூபாய் எட்டவில்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை தம்பியோடுதான் வந்தாள், அவனைவிட நன்றாகப் படித்தாள். ஐந்தாவது முடிக்கும்போது வயது 13. முழுப் பரீட்சைக்கு முன்னாலேயே வயதுக்கு வந்துவிட்டாள். மே மாதம் தம்பியின் டி.சி. வாங்க அம்மா வரவில்லை, அவளே வந்தாள். அவனை ஆறாவது சேர்க்க வேண்டுமாம். பெற்றுக்கொண்டவர் கையொப்பம் என்ற இடத்தில், ஒரு சுழி பிசகாமல் தன் பெயரை எழுதினாள். "உன்னோடது?" என்றேன். "அம்மா ஒண்ணுதான் வாங்கிட்டு வரச் சொன்னாங்க டீச்சர்" என்றாள்.