கடைமடையைப் பார்த்துவந்த லஸ்கர்

நேயர்களுக்கு வணக்கம்.

பணியிடத்தில் மனிதர்கள் சோர்ந்துபோவதற்கு வேலைப்பளுவையும் சம்பளத்தையுமே காரணமாகச் சொல்லிப் பழகிவிட்டோம். அவற்றுக்குச் சற்றும் குறையாத இன்னொரு காரணம் உண்டு. ஒருவர் தம் மனத்தில் எதை நியாயம் என்று வைத்திருக்கிறாரோ, அதன்படி நடக்க அவருடைய வேலை இடம்கொடுக்கிறதா என்பதே அது.

வெண்ணாற்றுப் பாசனத்தில் கிளை வாய்க்கால் ஒன்றின் ஷட்டரை ஏற்றி இறக்கும் லஸ்கர் ஒருவரை எனக்குத் தெரியும். மேட்டூரில் நீர் குறைந்து, முறை வைத்துத் தண்ணீர் விட்ட ஒரு சம்பாப் பருவத்தில், அந்த வாய்க்காலுக்கு முறை இல்லாத இரவொன்றில் உறவினர் ஒருவர் வந்து, "மாப்பிள்ளை, ரெண்டு அங்குலம் தூக்கிவிடுங்க, யாருக்குத் தெரியப்போகுது?" என்று கேட்டிருக்கிறார். இவரும் தட்டமுடியாமல் தூக்கிவிட்டார். மேலதிகாரிகள் எவரும் கேட்கவில்லை. ஆனாலும் படுத்தால் தூக்கம் வரவில்லை என்றும், நீர்மட்டத்தைப் பதிவேட்டில் எழுதக் கை தயங்கியது என்றும், காலையில் மதகுப் பக்கம் போகவே மனம் வரவில்லை என்றும் என்னிடம் சொன்னார்.

உளவியலாளர் ஷாலோம் ஷ்வார்ட்ஸ் 1992-இல் மனித விழுமியங்களைப் பத்து வகைகளாகப் பிரித்து, ஒரு வட்டமாக அடுக்கிக் காட்டினார். அருகருகே உள்ளவை பெரும்பாலும் ஒத்துப்போகும். எதிரெதிரே உள்ளவை மோதும். சுற்றத்தாரிடம் காட்டும் பரிவும், முகமறியாதவருக்கும் நியாயம் கிடைக்க வேண்டும் என்ற எண்ணமும் அந்த வட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன. தண்ணீர் குறைந்த ஆண்டில் அவையும் மோதிக்கொள்கின்றன. இரண்டு நல்ல எண்ணங்களுக்கு நடுவே அகப்பட்ட அந்த மனிதரை நான் மதிக்கிறேன்.

அந்தப் பருவத்திலேயே ஒரு துக்க வீட்டுக்காகத் தலைஞாயிறு பக்கம் போனவர், வெடித்த வயலில் குனிந்து, வாடி மஞ்சளித்த பயிரைத் தடவிக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவரைப் பார்த்திருக்கிறார். வாய்க்கால் தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் இடத்தைக் கடைமடை என்று அதுவரை வாயால் சொல்லிவந்த சொல்லுக்கு அன்றுதான் ஒரு முகம் கிடைத்தது.

ஆடம் கிராண்ட் என்ற அமெரிக்க உளவியலாளரும் சக ஆய்வாளர்களும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு இதையே வேறொரு களத்தில் காட்டுகிறது. பல்கலைக்கழகத்துக்காகத் தொலைபேசியில் நன்கொடை கேட்கும் ஊழியர்கள், அந்தப் பணத்தால் உதவித்தொகை பெற்ற மாணவர் ஒருவரைச் சில நிமிடங்களே சந்தித்தார்கள். ஒரு மாதம் கழித்து, அவர்கள் தொலைபேசியில் செலவிட்ட நேரமும் திரட்டிய தொகையும் இருமடங்கைத் தாண்டியிருந்தன.

தம் வேலையால் பயன்பெறுபவரைப் பார்த்தால் உழைப்பு கூடும் என்பதைக் காட்டி, மூன்று பேர் பார்க்கவேண்டிய மதகுகளை ஒருவர் தலையில் கட்டுவதை மட்டும் நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

அடுத்த முறை அந்த உறவினர் வந்தபோது, அவரை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்துவிட்டு, "மாமா, இன்னிக்குக் கடைமடைக்காரங்க முறை" என்று லஸ்கர் சொல்லியிருக்கிறார். மாமா கோபித்துக்கொண்டு எழுந்துபோய்விட்டார். மூன்றாம் நாள் விடியற்காலையில் தலைஞாயிற்றுக்குத் தொலைபேசியில் அழைத்து, "தண்ணி வந்துருச்சா?" என்று கேட்ட பிறகுதான் இவர் படுத்தாராம்.

வணக்கம்.