கடல் தப்பான பக்கத்துல இருக்கு!

(மும்பை செம்பூரில் சித்திரைத் திருநாளுக்கு நடந்த பட்டிமன்றம். தலைப்பு: மூன்று தலைமுறையும் சேர்ந்து கோடைக்குப் போக ஏற்ற கடற்கரை எது, பிறந்த மண்ணின் திருச்செந்தூரா, பக்கத்துக் கொங்கணத்தின் கணபதிபுலேயா? கணபதிபுலே அணியின் இரண்டாவது பேச்சு.)

நடுவர் அவர்களுக்கு வணக்கம், எதிரணிக்கு வணக்கம், பந்தி எப்ப போடுவாங்கன்னு வாசலையே பார்த்துக்கிட்டிருக்கிற உங்களுக்கு ரெண்டு வணக்கம். எட்டு நிமிஷம்தான் கொடுத்திருக்காங்க.

எனக்கு முன்னால பேசின அண்ணாச்சி என்ன சொன்னார்? "கணபதிபுலேக்குப் போறவன் கடலைத் தேடிப் போறவன் இல்ல, ஊருக்குப் போனா மொய் எழுதணுமேன்னு ஓடி ஒளியறவன்"னார். நீங்களும் கை தட்டினீங்க. தட்டினது யார் யாருன்னு பார்த்து வெச்சிருக்கேன்.

அண்ணாச்சி, ஆமா. ஓடித்தான் ஒளிஞ்சோம். ஏன் ஓடினோம்னு கேளுங்க.

நாலு வருஷத்துக்கு முன்னால, பிள்ளைங்களுக்கு நம்ம கடலைக் காட்டணும்னு வீட்டோட ஒன்பது பேர் ஊருக்குக் கிளம்பினோம். டிக்கெட் கதையை விடுங்க. இப்ப 60 நாளைக்கு முன்னால முன்பதிவு திறக்கிறான். காலைல எட்டு மணிக்குத் திறந்தா, எட்டு மணி ரெண்டு நிமிஷத்துக்கு வெயிட்டிங் லிஸ்ட். அப்பவும் அதே கதிதான். ஒன்பது பேருக்கு நாலு பெட்டியில இடம். முழங்கால் வலிக்காரர் என் மாமனார், அவருக்கு மேல் பர்த்! தாதர்ல ஏறி திருநெல்வேலி இறங்க ஒன்றரை நாள். அவரை ஏத்த ரெண்டு பேர், இறக்க மூணு பேர். ஒவ்வொரு தடவை அவர் பாத்ரூம் போகும்போதும் பெட்டியே எழுந்து நின்னு மரியாதை பண்ணுச்சு.

ஊர்ல இறங்கின மறுநாளே என் மாமியார் பையிலேர்ந்து ஒரு நோட்டை எடுத்தாங்க. மொய் நோட்டு. "2009ல அவங்க நமக்கு 501 எழுதியிருக்காங்க. இப்ப நாம 2,001 எழுதலைன்னா அசிங்கம்." பத்து நாள்ல மூணு கல்யாணம், ஒரு காதுகுத்து, ஒரு பால்காய்ப்பு. அதுல ஒரு கல்யாணம் யார் வீட்டுதுன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. சாப்பாடு நல்லா இருந்துச்சு. கடைசி நாள் சட்டைப் பையைத் தடவிப் பார்க்கிறார் என் வீட்டுக்காரர், ஸ்டேஷனுக்கு ஆட்டோ காசு இருக்கான்னு. அப்பதான் என் பையன் கேட்டான்: "அம்மா, பீச்சுக்கு எப்ப போவோம்?"

திருச்செந்தூர் போனோமா? போனோம். கடல்ல அரை மணி நேரம், நாழிக்கிணத்துல ஒரு குளியல், தரிசன வரிசையில மிச்ச நாள். நான் சாமியைக் குறை சொல்லலை. அறுபடை வீட்டுல கடலோரத்துல நிக்கிறது அது ஒண்ணுதான். 2025 ஜூலைல கும்பாபிஷேகம் நடந்தப்ப டிவிக்கு முன்னால கற்பூரம் காட்டினவ நான். ஆனா அங்க போறது சாமி கும்பிட. காலை நீட்டிக் கடலைப் பார்க்க இல்ல.

அண்ணாச்சி சொன்ன மொய்யைக் கணக்குப் போட்டே பாதி நேரம் போயிடுச்சு, நடுவர் என்னைப் பார்க்கிறார். சரி, கணபதிபுலே.

விடியக்காலை தாதர்ல கொங்கண் ரயில்ல ஏறினா மதியச் சாப்பாட்டுக்கு முன்னால ரத்னகிரி. மலையைக் குடைஞ்சு, ஆத்தைத் தாண்டி, 741 கிலோமீட்டர் பாதை போட்டு 1998ல முழுசாத் திறந்துவிட்டது யாருக்காக? முழங்கால் வலிக்காரங்களுக்காக! ரத்னகிரியிலேர்ந்து ஒரு வண்டி பிடிச்சா, ஆரே-வாரே கடலோரமா முக்கால் மணி நேரம்.

அங்க மணல்லயே பிள்ளையார் கோயில். சுயம்பு. மேற்குப் பார்த்து உட்கார்ந்திருக்கார். கிழக்குக் கரையில தம்பி, மேற்குக் கரையில அண்ணன். மாம்பழத்துக்காக இவங்க ரெண்டு பேரும் போட்ட போட்டி உங்களுக்குத் தெரியும். மயில்ல ஏறி உலகத்தைச் சுத்தினது தம்பி. அப்பா அம்மாவைச் சுத்தி வந்தது அண்ணன். பழம் யாருக்குக் கிடைச்சுது? அண்ணனுக்கு. அந்த அண்ணன் எங்க வந்து உட்கார்ந்தார்? ஹாப்பூஸ் மாம்பழம் விளையிற ரத்னகிரியில! ஒன்றரை நாள் மயில்வாகனத்துல சுத்தறது எதிரணி. அப்பா அம்மாவைக் கூட்டிக்கிட்டுப் பக்கத்துலயே சுத்தறது நாங்க. மே மாசம் போய்ப் பாருங்க, பழம் யார் கையில இருக்குன்னு.

இப்ப என் மாமனார் கதை. தாராவியில 41 வருஷம். ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து இட்லி அவிச்சு, அண்டாவைச் சைக்கிள்ல கட்டி, சயான், குர்லான்னு தெருத்தெருவா வித்தவர். இந்த ஊர்க் கடலை அவர் நின்னு பார்த்ததே இல்ல. அவருக்குக் கடல்னா ஊர்க் கடல். கடல்னா கிழக்கு.

கணபதிபுலேயில முதல் நாள் காலை அஞ்சு மணிக்குப் பேரப்பிள்ளைங்க மூணு பேரையும் எழுப்பிட்டார். "ஏல, எந்திரிங்கல! கடல்லேர்ந்து சூரியன் எழும்பும், பாருங்க." மணல்ல வரிசையா உட்கார வெச்சார். கடலைப் பார்த்து. அஞ்சரை ஆச்சு. ஆறு ஆச்சு. "மேகம் மறைக்கு"ன்னார். ஆறேகால். "பொறுல, எங்க போயிரப் போகுது?" பையன் திரும்பிப் பார்த்துட்டுச் சொல்றான்: "தாத்தா, சூரஜ் பின்னாடி இருக்கு. முதுகு சுடுது."

திரும்பினார். மலைக்கு மேல சூரியன். கடலைப் பார்த்தார். மலையைப் பார்த்தார். அப்புறம் சொன்னார் பாருங்க: "கடல் தப்பான பக்கத்துல இருக்குல!"

இதை நான் சொல்றேன். என் மாமியார் சொல்லிக் கேட்கணும். அவங்க கதையில ஆறேகால் இல்ல, ஏழரை மணி. "உங்க தாத்தா ஒரு சூரியனையே தொலைச்சுட்டு வந்து நிக்காரு. இவரை நம்பி நான் ஊரை விட்டு வந்தேன் பாத்துக்கோ"ம்பாங்க. வீட்டுக்கு யார் வந்தாலும் காபிக்கு முன்னால இந்தக் கதைதான். ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம் கூடும். கடைசியா நான் கேட்டப்ப மதியம் பன்னெண்டு மணிக்குத்தான் அவர் திரும்பிப் பார்த்தார்.

ஒண்ணு மட்டும் சொல்லிடறேன், சிரிக்காம கேளுங்க. அந்தக் கடல்ல இழுப்பு அதிகம். எச்சரிக்கைப் பலகை வெச்சிருக்காங்க. பிள்ளைங்களைக் கணுக்காலுக்கு மேல விடாதீங்க. ஜூன் பிறந்தா மழை, அதுக்குள்ள போயிட்டு வந்துடுங்க.

அன்னிக்குச் சாயங்காலம் ரெண்டு பேருக்கும் மணல்ல நாற்காலி போட்டுக் கொடுத்தோம். கையில சோல்கடி, கோகம் புளியும் தேங்காய்ப்பாலும் சேர்த்த கொங்கணத்துப் பானம். மாமா அதைப் புளிச்ச ரசம்னு பாதியிலயே வெச்சுட்டார். சூரியன் கடலுக்குள்ள இறங்குது. நான் பின்னால நின்னு போட்டோ எடுக்கிறேன். அத்தை என்கிட்ட திரும்பாமலே சொன்னாங்க: "கல்யாணமான நாள்லேர்ந்து இந்த மனுசன் பக்கத்துல நான் சும்மா உட்கார்ந்ததே இல்ல. இன்னிக்குத்தான் உட்கார்ந்திருக்கேன்."

இட்லி அண்டாவுக்கு அந்தப் பக்கம் அவங்க, இந்தப் பக்கம் இவர். 41 வருஷம்.

அன்னிக்கு நாங்க ஒன்பது பேர். இப்ப எட்டு.

எதிரணி அண்ணாச்சி, உங்க கேள்விக்கெல்லாம் என்கிட்ட பதில் இல்ல. திருச்செந்தூர் பெரிசுதான். நம்ம மண்ணுதான். பிள்ளைங்க தமிழ் பேசறது அங்க போனாத்தான். எல்லாம் சரி. போன வாரம் மாமாகிட்ட கேட்டேன், இந்தக் கோடைக்கு ஊருக்குப் போகலாமா மாமான்னு. முருகன் பேரைச் சொல்லாம ஒரு வேளை சாப்பிடாதவர். கொஞ்ச நேரம் பேசலை. "அவ உட்கார்ந்த எடத்துக்கே போவோம்"னார்.

மணி அடிச்சுட்டீங்க, நடுவர் அவர்களே. மூணாவது வரிசையில உட்கார்ந்திருக்கார், அவருக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டு இறங்கிடறேன். மாமா, விடியக்காலை வண்டி, தாதர்லேர்ந்து. எட்டு டிக்கெட் போட்டாச்சு. உங்களுக்கு ஜன்னல் ஓரம்.