கேரட் தின்ற விமானி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, வேலை நாளிலும் நேரம் ஒதுக்கி வந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அம்மையார் அவர்களே, அரங்கை வாடகையில்லாமல் தந்த தலைமையாசிரியர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் நேரத்திலும் பாதியை எடுத்துக்கொண்ட வழக்கறிஞர் அண்ணன் அவர்களே, வாசகர் வட்டத் தோழர்களே, வணக்கம். சால்வைக்கு நன்றி. அடுத்த முறை ஒரு நாற்று கொடுங்கள். எல்லா மேடையிலும் இதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

உலகப் போர் முழக்கங்கள் என்பது தலைப்பு. ஆள் சேர்த்த முழக்கம், வாயை மூடச் சொன்ன முழக்கம், வயிற்றைப் பற்றிய முழக்கம் என்று மூன்று. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய். மூன்றுக்கும் இதுதான் உரைகல்.

1914-இல் பிரிட்டனின் போர் அமைச்சர் கிச்சனர் பிரபு பெரிய மீசையோடு விரலை நீட்டி, 'உன்னைத்தான்' என்று சுவரொட்டியில் நின்றார். 1917-இல் அமெரிக்காவில், அந்நாட்டுக்கே உருவகமான கற்பனைக் கிழவர் அங்கிள் சாம் அதே விரலை நீட்டினார். அங்கே சினிமாக் கொட்டகையில் ரீல் மாற்றும் இடைவெளியில் எழுந்து போருக்கு ஆதரவாகப் பேச 'நாலு நிமிடக்காரர்கள்' என்று சுமார் 75,000 பேர் இருந்தார்கள். பேச்சு நாலே நிமிடம். வழக்கறிஞர் அண்ணன் கவனிக்க வேண்டும்!

அதே 1917-இல், ஜெர்மானியர்கள் தங்கள் வீரர்களின் பிணங்களையே காய்ச்சிக் கொழுப்பெடுக்கிறார்கள் என்று பிரிட்டிஷ் பத்திரிகைகள் எழுதின. 1925-இல் அதற்கு ஆதாரமே இல்லை என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திலேயே ஒப்புக்கொண்டார்கள். அப்புறம் நாஜிகள் உண்மையாகவே கொன்று குவித்த செய்தி வந்தபோது, பழைய கதைதானே என்று தள்ளியவர்கள் உண்டு. தீர விசாரிப்பதே மெய்!

சரி, கேரட்டுக்கு வருகிறேன். 1940. லண்டன் மேல் இரவெல்லாம் குண்டு. ஊர் முழுக்க விளக்கணைப்பு. ஜான் கன்னிங்ஹாம் என்ற இளம் விமானி கும்மிருட்டில் ஜெர்மன் விமானங்களைத் தேடிப் பிடித்து வீழ்த்துகிறார். 'பூனைக்கண்' என்று பட்டப்பெயரே வந்துவிட்டது. எப்படி ஐயா கண் தெரிகிறது? கேரட் தின்கிறார், அதனால் தெரிகிறது என்றார்கள். உண்மையில் விமானத்தில் ரேடார் இருந்தது. கூட இருப்பவர் திரையைப் பார்த்து, இடப்பக்கம் திருப்பு, கொஞ்சம் மேலே போ என்று வழி சொல்வார். அதை வெளியே சொல்ல முடியுமா?

பொய்யில் ஒரு சிட்டிகை மெய்யும் இருந்தது. வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண் வரும். குறைவில்லாதவன் கூடை கூடையாய்த் தின்றாலும் பூனையாக மாட்டான். எதிரி இதை நம்பியதற்குச் சான்றில்லை; நம்பியது உள்ளூர்க்காரர்கள். சர்க்கரை 1940 ஜனவரியிலேயே ரேஷனுக்குப் போய்விட்டது, கேரட்டோ மலிந்து கிடந்தது. உணவு அமைச்சகம் 'டாக்டர் கேரட்' என்று தொப்பியும் கைப்பையும் கொடுத்து ஒரு கேலிச்சித்திர மருத்துவரையே உண்டாக்கியது. ஐஸ்கிரீம் கேட்ட பிள்ளைகளின் கையில் குச்சியில் செருகிய கேரட்!

சீட்டு வந்துவிட்டது. வாயை மூடச் சொன்ன முழக்கத்தை விட்டுவிடுகிறேன். என்னை மூடச் சொல்லிவிட்டார்கள். ஆனால் 'வெற்றிக்காகத் தோண்டு' என்ற முழக்கத்தைச் சொல்லாமல் இறங்க மாட்டேன். லண்டன் கோபுரத்தின் அகழியில்கூடக் காய்கறி போட்டார்கள். 1943-க்குள் பிரிட்டனில் மக்கள் பயிரிட்ட தோட்டத் துண்டுகள் சுமார் 14 லட்சம். பொய்யில்லாத முழக்கம் இது ஒன்றுதான் என்பது என் கட்சி. விசாரிக்கவே வேண்டாம், பிடுங்கிப் பார்க்கலாம்.

இந்தப் பள்ளிக்குப் பின்னால் கருவேலம் மண்டிக் கிடக்கும் மனையைத் தலைவர் அம்மையார் பார்த்திருப்பீர்கள். சுத்தம் செய்ய வாசகர் வட்டம் தயார். கத்தரி, வெண்டை, கீரை விதை நான் தருகிறேன். ஒரு குழாய் இணைப்பு மட்டும் இந்த மேடையிலேயே அறிவித்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியோடு வந்துவிடுகிறோம்.