குடியேறி ஆறே மாதத்தில் எல்க் வேட்டை உரிமமா? அமெரிக்க மேற்கின் வில்வேட்டைக் குலுக்கல் கணக்கு

வணக்கம். கொலராடோ மாநிலத்தின் வடமேற்கு மூலையில் 201 என்ற எண்ணுள்ள வேட்டைப் பகுதி ஒன்று இருக்கிறது. பெரிய கொம்புள்ள ஆண் எல்க் மானை அங்கே வில்லால் வேட்டையாட உரிமம் கேட்பவர், முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளை பள்ளிப்படிப்பையே முடித்துவிடும் காலம்வரை காத்திருக்க நேர்கிறது. அதே மாநிலத்தில், சென்ற ஆண்டு குடியேறிய இன்னொருவர், குலுக்கல் எதுவும் இல்லாமல் கடையிலேயே வில்வேட்டை எல்க் உரிமத்தை வாங்கிக்கொண்டு செப்டம்பரில் காட்டுக்குள் நுழைகிறார். இந்த இரண்டு பேரும் ஒரே ஆளாகவே இருக்கலாம் என்பதுதான் இன்றைய செய்தி.

எத்தனை நாள் வசித்தால் உள்ளூர்க்காரர் என்ற கணக்கை முதலில் முடித்துவிடுவோம். கொலராடோவிலும் ஐடஹோவிலும் ஆறு மாதம், மொன்டானாவில் 180 நாள், வயோமிங்கில் ஓராண்டு தொடர்ந்து வசித்தால், வேட்டைத் துறை உங்களை உள்ளூர்க்காரராக ஏற்றுக்கொள்ளும். வெளிமாநிலத்தார் கொலராடோவில் எல்க் உரிமத்துக்குப் பத்து மடங்குக்கும் மேல் கட்டணம் கட்டுகிறார்கள்.

இனி குலுக்கலுக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். கொலராடோவில் எல்க் மானுக்கு நடப்பது உண்மையில் பெரும்பாலும் குலுக்கல் அல்ல, வரிசை. முதல் விருப்பமாகக் கேட்ட இடம் கிடைக்காத ஒவ்வோர் ஆண்டும் ஒரு புள்ளி சேரும்; அதிகப் புள்ளி வைத்திருப்பவருக்கே முதலில் உரிமம் போகும். நெவாடாவில் புள்ளியை அதே புள்ளியால் பெருக்கி, ஒன்றைக் கூட்டுகிறார்கள். பத்துப் புள்ளி உள்ளவருக்கு 101 வாய்ப்பு, புதிதாக வந்தவருக்கு ஒன்றே ஒன்று. ஆனாலும் அந்த ஒரு சீட்டு வெல்லக்கூடிய சீட்டு; கொலராடோ வரிசையின் கடைசியில் நிற்பவருக்கு அதுவும் இல்லை. ஐடஹோவிலோ புள்ளி என்ற பேச்சே கிடையாது. நாற்பது ஆண்டு அங்கேயே வாழ்ந்தவரும் நேற்று உள்ளூர்க்காரரானவரும் குலுக்கலில் சமம். பல ஆண்டு காத்திருந்தவர்களின் ஆதங்கம் எனக்குப் புரிகிறது. இருந்தாலும் இளைஞர்களும் புதியவர்களும் இந்தக் கலைக்குள் வர வேண்டுமென்றால் ஐடஹோவின் வழியே நியாயமானது என்று உறுதியாக நம்புகிறேன். உங்கள் கருத்தைக் கீழே எழுதுங்கள்.

அப்படியானால் கொலராடோவுக்குப் புதியவர் என்ன செய்யலாம்? முதல் விருப்பத்தில் 201ஐக் கேளுங்கள். கிடைக்காது, ஆனால் ஒரு புள்ளி சேரும். பிறகு உள்ளூர்க்காரருக்குக் குலுக்கலின்றி விற்கப்படும் வில்வேட்டை உரிமத்தை வாங்கி, அதே செப்டம்பரில் வேறு பகுதிகளில் வேட்டையாடுங்கள். வில்லேந்திச் செல்பவர்களில் சிலருக்கே மான் கிடைக்கிறது என்பதால்தான் இவ்வளவு தாராளமாக உரிமம் கொடுக்க முடிகிறது.

[காட்சி: விடியற்காலை, ஆஸ்பென் மரச்சரிவு]

செப்டம்பர் எல்க் மான்களின் இணைசேரும் பருவம். ஆண் மானின் நீண்ட ஊதல் குரல் பள்ளத்தாக்கு முழுவதும் கேட்கும். காற்றின் திசையைப் பார்க்க, வேட்டைக்காரர் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னப் பிளாஸ்டிக் குப்பியை எடுத்து அழுத்துகிறார். வெள்ளைப் பொடி புகைபோல எழுந்து மெல்லச் சரிவில் இறங்குகிறது. விடியலின் குளிர்காற்று கீழ்நோக்கி ஓடுவதால், மானுக்குக் கீழே நிற்கும்வரை அவருடைய வாடை அதை எட்டாது. வெயில் ஏறியதும் காற்று மேல்நோக்கித் திரும்பும். அம்பு எய்ய முப்பது, நாற்பது கஜம்வரை நெருங்க வேண்டும். அந்தத் தூரத்தில் காற்று ஒரு முறை திரும்பினாலும் மான் ஓடிவிடும்.

மொன்டானாவிலும் ஐடஹோவிலும் முதன்முறை வில்லேந்துபவர்கள் வில்வேட்டைப் பயிற்சிச் சான்றிதழ் காட்ட வேண்டும்; அதைக் குளிர்காலத்திலேயே முடித்துவிடுங்கள். கொலராடோ விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் ஏப்ரல் தொடக்கத்தில் வந்துவிடும். அதைத் தவறவிட்டால் அந்த ஆண்டின் புள்ளி போய்விடும். கடையில் வாங்கும் செப்டம்பர் உரிமம் மட்டும் மிஞ்சும்.