டார்ச்சுக்கு எந்த எரிவாயு? டப்பாவில் அச்சிட்ட வெப்பநிலையை நம்பி வாங்காதீர்கள்

வணக்கம் நண்பர்களே. மேசைமீது சின்ன பியூட்டேன் டப்பா, புரோப்பிலீன் வாயு அடைத்த மஞ்சள் டப்பா, 5 கிலோ எல்பிஜி சிலிண்டர் எல்லாம் வரிசையாக நிற்பதைப் பார்த்தவுடன் இன்றைய பேச்சு உங்களுக்குப் புரிந்திருக்கும். வீட்டுப் பட்டறையில் கையில் பிடிக்கும் டார்ச்சுக்கு எந்த எரிவாயு வாங்குவது?

கடையில் கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் டப்பாவைத் திருப்பி வெப்பநிலையைக் காட்டுவார். புரோப்பேன் என்றால் 1,980 டிகிரி. மஞ்சள் டப்பா என்றால் 2,050. எழுபது டிகிரி கூடுதல் என்பதற்காக இரண்டு மடங்கு விலை கொடுத்து வாங்கிக்கொண்டு வருகிறோம். அந்த எண்ணை மறந்துவிடுங்கள் என்று சொல்லத்தான் கேமராவை வைத்திருக்கிறேன்.

செம்பு உருகுவது 1,085 டிகிரியில். பியூட்டேன், புரோப்பேன், புரோப்பிலீன் மூன்றும் காற்றில் எரியும்போது ஏறக்குறைய இரண்டாயிரம் டிகிரியைத் தொடுகின்றன. அப்படியானால் பேனா அளவு டார்ச்சே செம்புக் குழாயை உருக்கிவிட வேண்டும் அல்லவா? உருக்காது. மெழுகுவர்த்திச் சுடரிலும் ஆயிரம் டிகிரிக்கு மேல் இருக்கிறது. அதை வைத்து ஓர் அண்டாத் தண்ணீரைக் கொதிக்க வைக்க முடியுமா? நிமிடத்துக்கு எவ்வளவு எரிவாயு எரிகிறது என்பதுதான் கணக்கு. பேனா டார்ச் மணிக்கு 20 கிராம் எரித்தால் கிடைப்பது கால் கிலோவாட். கேசட் டப்பா எனப்படும் பெரிய பியூட்டேன் டப்பாமீது மாட்டும் டார்ச் மணிக்கு 150 கிராம் எரித்தால் இரண்டு கிலோவாட்டுக்குப் பக்கத்தில் வரும். எரிவது இரண்டிலும் அதே பியூட்டேன்தான்.

இப்போது கேமராவைக் கொஞ்சம் கீழே இறக்குகிறேன். இது பித்தளைத் துண்டு, பக்கத்தில் அதே கனத்தில் செம்புத் துண்டு. இரண்டிலும் வெங்காரத்தை, அதாவது போராக்ஸைக் குழைத்துத் தடவியிருக்கிறேன். ஒரே டார்ச், ஒரே தூரம். பித்தளைமீது வெங்காரம் முதலில் பொரிபோல வெள்ளையாக உப்புகிறது, பிறகு அடங்குகிறது, இதோ கண்ணாடிபோலப் பளபளவென்று ஓடுகிறது. வெங்காரம் உருகுவது 743 டிகிரியில். தனியாக வெப்பமானி தேவையில்லை, கண்ணே போதும். உலோகத் துண்டுகளை ஒட்ட உருக்கி ஓடவிடும் வெள்ளிப் பற்றாசு பெரும்பாலும் 620-க்கும் 750-க்கும் இடையில் ஓடும். ஆகவே பற்றாசு வைக்க இதுதான் நேரம். செம்பைப் பாருங்கள். வெங்காரம் உப்பி நிற்கிறது, அவ்வளவுதான். செம்பு வெப்பத்தை வாங்கி வாங்கி மறுமுனைக்கு அனுப்பிவிடுகிறது. பித்தளையைவிட மூன்று மடங்குக்கு மேல் வேகமாகக் கடத்தும் உலோகம் அது.

மஞ்சள் டப்பா வாங்க ஓடாதீர்கள். இரண்டு தீச்செங்கல்லை மூலையாக நிறுத்தி, அதற்குள் செம்பை வைக்கிறேன். டார்ச்சை மாற்றவில்லை. சற்று நேரத்தில் வெங்காரம் ஓட ஆரம்பித்துவிட்டது. இரண்டு செங்கல்லின் விலையில் கிடைத்த வெப்பம் இது. இன்னொன்றும் கவனியுங்கள்: சுடருக்குள் தெரியும் கூரான நீலக் கூம்பின் நுனிக்குச் சற்று வெளியேதான் சூடு அதிகம். கூம்பையே உலோகத்தில் குத்திக்கொண்டிருப்பவர்கள் எரியாத வாயுவை உலோகத்தில் பாய்ச்சிக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, டப்பாக்களுக்கு வருவோம். பியூட்டேன் டப்பா மலிவு, எங்கும் கிடைக்கும், நகை வேலைக்கும் சின்னப் பித்தளை வேலைக்கும் நன்றாகவே போதும். அதன் பலவீனம் குளிர். சாதாரண பியூட்டேன் கொதிப்பது மைனஸ் 0.5 டிகிரியில், ஊட்டியிலும் கோத்தகிரியிலும் மார்கழி விடியற்காலையில் சுடர் சோம்பிப்போவதற்கு டார்ச்சைக் குறைசொல்லிப் பயனில்லை. கோயம்புத்தூர் வெயிலிலும் இது நடக்கும். உள்ளே திரவம் ஆவியாக ஆவியாக டப்பாவே குளிர்ந்துபோகும். தொட்டுப் பார்க்கிறேன்: அடிப்பாகம் சில்லென்று இருக்கிறது, வெளியே வியர்த்திருக்கிறது, சுடர் பாதியாகக் குறைந்திருக்கிறது. கொஞ்ச நேரம் ஓய்வு கொடுத்தால் சரியாகிவிடும். வெந்நீரில் முக்குவது, டார்ச்சாலேயே டப்பாவைச் சூடேற்றுவது போன்ற சாகசங்கள் வேண்டாம். டப்பாவைக் கவிழ்த்துப் பிடிப்பதும் கூடாது. வாயு வெளிவரும் சின்னத் துளையான ஜெட்டுக்குத் திரவமே வந்து, மஞ்சள் சுடர் ஒரு முழம் பாயும்.

அடுத்தது கொஞ்சம் கோபமாகவே பேசப்போகிறேன். சமையல் சிலிண்டரிலிருந்து காலி பியூட்டேன் டப்பாவை நிரப்ப ஒரு சின்ன அடாப்டர் விற்கிறார்கள். ‘எல்லாம் எல்பிஜிதானே’ என்கிறார்கள். சமையல் எரிவாயு பியூட்டேனும் புரோப்பேனும் கலந்தது. 35 டிகிரி வெயிலில் பியூட்டேனின் அழுத்தம் சுமார் 3 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). புரோப்பேனுடையது சுமார் 12 பார். அந்த மெல்லிய தகர டப்பா பியூட்டேனுக்காக, அதுவும் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறிவதற்காகச் செய்தது. எவ்வளவு நிரம்பியது என்று பார்க்கவும் வழியில்லை. முழுக்கத் திரவம் நிரம்பிய டப்பா கொஞ்சம் சூடானால் விரிய இடமில்லாமல் வெடிக்கும். மிச்சமாகும் சில பத்து ரூபாய்க்கு இது வேண்டுமா?

வீட்டுக்குத் தரும் 14.2 கிலோ சிலிண்டரையே பட்டறைக்கு இழுத்துவரலாமா என்றால், கூடாது. சமையலுக்கான சிலிண்டரை வேறு வேலைக்குப் பயன்படுத்துவதை 2000-ஆம் ஆண்டின் எல்பிஜி ஆணை தடுக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், அடுப்பு ரெகுலேட்டர் வெறும் 30 மில்லிபார்தான் கொடுக்கும். டார்ச்சின் ஜெட் காற்றை உறிஞ்சி இழுக்க அது போதாது. அடங்கிப்போன மஞ்சள் சுடர்தான் வரும்.

பெட்ரோல் பங்குகளில் விற்கும் 5 கிலோ சிலிண்டர், அதற்கேற்ற உயரழுத்த ரெகுலேட்டர், எல்பிஜிக்கென்றே செய்த குழாய், ஒரு நல்ல டார்ச். இதுதான் என் தேர்வு. கனமான செம்பு, சின்ன உலை, இரும்பைச் சிவக்கக் காய்ச்சுவது எல்லாம் இதில் நடக்கும். கிலோவுக்கு ஆகும் செலவிலும் டப்பாக்கள் இதன் பக்கத்தில் வர முடியாது. குழாயில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். அசிட்டிலீனுக்கான சிவப்புக் குழாயில் எல்பிஜியை விட்டால் ரப்பர் நாளடைவில் கெட்டுப்போகும். ஒவ்வொரு முறை மாட்டும்போதும் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையில் படியும். ஜன்னல் திறந்திருக்கிறது என்று நிம்மதியாக இருக்காதீர்கள். கதவு தரைவரை திறந்திருக்க வேண்டும். பக்கத்தில் சாக்கடைக் குழியோ தண்ணீர்த் தொட்டியின் மூடியோ இருந்தால் இடத்தை மாற்றுங்கள்.

மஞ்சள் டப்பாவை நான் மட்டம் தட்டவில்லை. மேப் என்று எழுதியிருந்தாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் புரோப்பிலீன். பழைய மேப் வாயுவின் உற்பத்தி வட அமெரிக்காவில் 2008-இலேயே நின்றுவிட்டது, பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஏணிமீது நின்றுகொண்டு சுவரோரம் ஏசி குழாயைப் பற்றாசு வைத்து ஒட்டுகிற மெக்கானிக்குக் குழாயும் சிலிண்டரும் இல்லாமல் ஒரே கையில் வேலை முடிய வேண்டும். அவருக்கு அது தகும். செங்கல் அடுக்கி உட்கார்ந்து வேலைசெய்யும் நமக்கு அதன் அவசியம் குறைவு.

அசிட்டிலீன்? ஆக்சிஜனோடு சேர்ந்தால் 3,100 டிகிரியைத் தாண்டும், இரும்பையே உருக்கி ஒட்டும். ஆனால் 15 பிஎஸ்ஐ, அதாவது சுமார் ஒரு பார் அழுத்தத்துக்கு மேல் போனால் ஆக்சிஜன் இல்லாமலே தானாகச் சிதைந்து வெடிக்கக்கூடிய வாயு அது. அதனால்தான் சிலிண்டருக்குள் நுண்துளைகள் நிறைந்த பொருளை அடைத்து, அசிட்டோனில் கரைத்து வைக்கிறார்கள். படுக்கவைத்துப் பயன்படுத்தக் கூடாது என்பதும் அதனால்தான். எல்பிஜி காற்றில் சுமார் 2 முதல் 9.5 சதவீதம் கலந்திருந்தால் மட்டுமே தீப்பிடிக்கும். அசிட்டிலீனுக்கோ 2.5-இல் தொடங்கி 80 வரை எல்லாமே தீப்பிடிக்கும் அளவுதான். மாடியில் குழந்தைகள் தூங்கும் வீட்டில் அதை நான் வைக்க மாட்டேன். இரும்பை ஒட்ட வேண்டுமென்றால் மின்சார வெல்டிங் இருக்கிறதே.

வாயுவைவிட மோசமான ஒன்று சில சமயம் கம்பியில் இருக்கும். மலிவான வெள்ளிப் பற்றாசுக் கம்பிகள் சிலவற்றில் காட்மியம் சேர்த்திருப்பார்கள். அந்தப் புகை நுரையீரலுக்கு நஞ்சு. வாங்கும்போதே காட்மியம் இல்லாததா என்று கேளுங்கள், உறையைப் படியுங்கள்.

வேலை முடிந்ததும் முதலில் சிலிண்டரை மூடி, குழாயில் மிச்சமிருப்பதை எரியவிட்டு, பிறகு டார்ச்சை மூடுங்கள். பியூட்டேன் டப்பாக்களில் 50 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது என்று அச்சிட்டிருப்பார்கள். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் அந்த அளவு எளிதில் வந்துவிடும். தகரக் கூரைக்கு அடியில் உயரமான அலமாரியும் ஆபத்துதான். என் டப்பாக்கள் வடக்குச் சுவரோரம் தரையில், கம்பிவலைப் பெட்டிக்குள் இருக்கின்றன. உங்களிடம் இருக்கும் டப்பாக்கள் எங்கே இருக்கின்றன என்று இந்தக் காணொளியை நிறுத்திவிட்டு ஒருமுறை போய்ப் பாருங்கள்.