"இதை ஏன் கேட்கிறாய்?"

அவையோருக்கு வணக்கம்.

நிபுணரின் அறிவை "இப்படி இருந்தால் இந்த முடிவு" என்ற விதிகளாக வைத்து ஆலோசனை சொல்லும் கணினி நிரல்தான் வல்லுநர் அமைப்பு. அதைப் பற்றிப் பேச்செடுத்தால், அதில் எத்தனை விதிகள் இருக்கின்றன என்றுதான் பலரும் முதலில் கேட்பார்கள். நான் முதலில் பார்ப்பது வேறொன்றை. திரையில் அது ஒரு விவரம் கேட்கும்போது, "இதை ஏன் கேட்கிறாய்?" என்று நாம் திருப்பிக் கேட்டால் அதற்குப் பதில் உண்டா?

1970-களில் ஸ்டான்ஃபோர்டில் எட்வர்ட் ஷார்ட்லிஃப் உருவாக்கிய மைசின் என்ற வல்லுநர் அமைப்பிடம் பதில் இருந்தது. தொற்றுக்குக் காரணமான கிருமி எது, எந்த ஆன்டிபயாட்டிக் கொடுக்கலாம் என்று அது ஆலோசனை சொன்னது. ஒரு முடிவை எடுத்துக்கொண்டு, அதற்கு ஆதாரம் தரக்கூடிய விதிகளைத் தேடிப் பின்னோக்கிப் போகும் அமைப்பு அது. அதனால் அந்தக் கணத்தில் கையில் இருக்கும் விதியை அப்படியே எடுத்துக் காட்ட முடிந்தது.

ஆனால் விதியைக் காட்டினால் மட்டும் காரணம் விளங்கிவிடாது. மைசினின் ஒரு விதியில் "நோயாளி மதுவுக்கு அடிமை" என்ற நிபந்தனைக்கு முன்னால் "வயது 17-க்கு மேல்" என்றொரு நிபந்தனை இருந்தது. மருத்துவத்துக்கும் அந்த வயதுக்கும் அங்கே சம்பந்தமில்லை. ஒரு குழந்தையைப் பற்றிக் குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டுவிடக் கூடாது என்பதற்காகவே அதை வைத்தார்கள். இதை எடுத்துக்காட்டியவர் ஆய்வாளர் வில்லியம் கிளான்சி. எழுதியவர் போன பிறகு அந்த வரியைத் தொட யாருக்குத் துணிச்சல் வரும்? ஆகவே ஒவ்வொரு விதியோடும் அதன் காரணம், சொன்ன நிபுணர், தேதி மூன்றையும் சேர்த்தே பதியுங்கள்.

அடுத்து, நம்பிக்கை எண், அதாவது ஒரு விதி தன் முடிவை எவ்வளவு உறுதியாகச் சொல்கிறது என்பதற்கான எண். ஒரு விதி 0.6 என்கிறது, இன்னொன்று 0.5 என்கிறது. மைசின் முறையில் இரண்டும் சேர்ந்தால் 0.6 + 0.5 × (1 − 0.6) = 0.8. இரண்டும் தனித்தனி ஆதாரங்களிலிருந்து வந்தால் சரி. ஒரே பரிசோதனை முடிவை இரு விதிகளும் இரு பெயரில் பயன்படுத்தினால்? ஒரு சாட்சியையே இரண்டு முறை எண்ணியதாகிவிடும். அமைப்பு அளவுக்கு மீறிய உறுதியோடு பேசுவதைக் கண்டால் நான் முதலில் தேடுவது இந்தத் தவறைத்தான்.

நிபுணரிடம் "உங்கள் விதிகள் என்ன?" என்று கேட்காதீர்கள், பாடப்புத்தகத்தைத்தான் ஒப்பிப்பார். பழைய வழக்குகளை, அதாவது உண்மையில் நடந்த நேர்வுகளை, முன்னால் வைத்து, வாய்விட்டு யோசிக்கச் சொல்லுங்கள். "இந்த அளவு எவ்வளவுக்குப் போனால் மனம் மாறுவீர்கள்?" என்று கேளுங்கள். உண்மையான வரம்பு அப்போதுதான் வெளியே வரும். சில வழக்குகளை அவருக்குக் காட்டாமல் சோதனைக்கென்று ஒதுக்கி வையுங்கள்.

1979-இல் வெளியான மதிப்பீட்டில் மைசினின் பரிந்துரைகள் மருத்துவப் பேராசிரியர்களின் பரிந்துரைகளுக்கு ஈடாக நின்றன. ஆனாலும் அது அன்றாட மருத்துவத்துக்கு வரவே இல்லை. ஒவ்வொரு நோயாளிக்கும் நீண்ட கேள்விப் பட்டியலுக்கு மருத்துவரே உட்கார்ந்து பதில் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. எனவே வடிவமைப்பை, எந்தத் தகவல் ஏற்கெனவே கணினியில் இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குங்கள்.

பராமரிப்பும் பெரிய சுமை. டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் வாக்ஸ் கணினிகளுக்கு எந்தெந்தப் பாகங்கள் பொருந்தும் என்று முடிவு செய்த எக்ஸ்கான் என்ற வல்லுநர் அமைப்பு, சில நூறு விதிகளில் தொடங்கிப் பல ஆயிரங்களாக வளர்ந்தது. புதிய பாகம் வந்தால் விதியும் மாற வேண்டும். ஒரு விதியை மாற்றினால் பழைய வழக்குகள் அத்தனையையும் மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும்.

பரிந்துரையை மனிதர் மறுக்கும் வழி ஒரே பொத்தானில் இருக்கட்டும். பக்கத்திலேயே காரணம் எழுத ஒரு வரி. அந்த மறுப்புகளை நிபுணரோடு உட்கார்ந்து தவறாமல் படியுங்கள். அடுத்து திருத்த வேண்டிய விதி எது என்பது அங்கேதான் தெரியும். மறுப்பே வரவில்லை என்றால், எல்லாரும் படிக்காமலே சம்மதம் அழுத்துகிறார்களா என்று போய்ப் பாருங்கள்.