தலை நிமிராத மாப்பிள்ளையும் பொய் சொன்ன பெண்ணும்

வணக்கம் நண்பர்களே. வெளியே நல்ல மழை. ஜன்னலைச் சாத்திவிட்டேன், அப்படியும் இரைச்சல் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்கு ஒரு பழைய ஆங்கில நாடகம். ஆலிவர் கோல்ட்ஸ்மித் எழுதிய 'ஷி ஸ்டூப்ஸ் டு காங்கர்'. 1773 மார்ச் 15ஆம் தேதி லண்டன் கோவன்ட் கார்டன் அரங்கில் முதல் தடவை மேடையேறியது. அரங்கை நடத்திய ஜார்ஜ் கோல்மனுக்கே இது ஓடும் என்கிற நம்பிக்கை இல்லை. அப்போது நகைச்சுவை நாடகம் என்ற பெயரில் கண்ணீரும் உபதேசமும்தான் கொடிகட்டிப் பறந்தன. கோல்ட்ஸ்மித்துக்கு அது ஒத்துவரவில்லை. வந்தவர்கள் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டுப் போகட்டும் என்று இதை எழுதினார். நாடகம் ஓடியது. இன்றைக்கும் போடுகிறார்கள்.

கதைக்கு வருவோம். மார்லோ, லண்டன் பணக்காரப் பையன். நண்பன் ஹேஸ்டிங்ஸைக் கூட்டிக்கொண்டு கிராமத்துக்குப் பெண் பார்க்க வருகிறான். பெண், ஹார்ட்காஸிலின் மகள் கேட். இருட்டில் வழி தவறி ஒரு மதுக்கடையில் விசாரிக்கிறார்கள். அங்கே உட்கார்ந்திருக்கிற டோனி லம்ப்கின், ஹார்ட்காஸில் மனைவியின் முதல் கணவருக்குப் பிறந்த பிள்ளை. வம்புக்கு அலைகிற ஆள். "இந்த நேரத்தில் நீங்கள் அங்கே போய்ச் சேர முடியாது, பக்கத்தில் ஒரு விடுதி இருக்கிறது" என்று ஹார்ட்காஸில் வீட்டுக்கே வழி காட்டிவிடுகிறான். கோல்ட்ஸ்மித் சின்ன வயதில் அயர்லாந்தில் ஒரு பெரிய மனிதர் வீட்டை விடுதி என்று நினைத்து ஏமாந்தாராம், அந்த அனுபவம்தான் இது என்று சொல்வார்கள்.

அப்புறம் நடக்கிற கூத்தைக் கேளுங்கள். மாமனாராகப் போகிறவர் தன் போர்க்காலக் கதையை ஆரம்பிக்கிறார். இவர்கள் இரண்டு பேரும் அவரை விடுதிக்காரர் என்று நினைத்து, பாதியில் வெட்டிவிட்டு, எந்தச் சட்டை போடுவது என்று பேசிக்கொள்கிறார்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்ன இருக்கிறது என்று பட்டியல் கேட்கிறார்கள். அவர் முகம் சிவந்துபோகிறது.

இதற்கு முன்னால் ஒரு குட்டிக் காட்சி. என் பிரியமான இடம் என்பதால் சொல்லிவிடுகிறேன். விருந்தாளிகள் முன்னால் நான் கதை சொன்னால் நீங்கள் சிரிக்கக் கூடாது என்று ஹார்ட்காஸில் வேலைக்காரர்களுக்குப் பாடம் நடத்துகிறார். ஒருவன், "அப்படியென்றால் அந்தத் துப்பாக்கி அறைக் கதையை மட்டும் சொல்லாதீர்கள் ஐயா, இருபது வருஷமாக அதற்குச் சிரித்துக்கொண்டிருக்கிறோம்" என்கிறான். அவரும் பெருமை தாங்காமல், "சரி, அதற்கு மட்டும் சிரித்துக்கொள்ளுங்கள்" என்று விட்டுவிடுகிறார். ஒரு மனிதரின் குணம் மொத்தமும் இரண்டு வரியில் வந்துவிடுகிறது, பாருங்கள்.

மார்லோவின் வியாதி இதுதான்: பெரிய இடத்துப் பெண்கள் முன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். விடுதியில் பரிமாறுகிற பெண் என்றால் சிங்கம். கேட்டை முதலில் சந்திக்கும்போது நிமிர்ந்தே பார்ப்பதில்லை. அந்தச் சந்திப்பில் அவன் பேச முயல்கிற விஷயம், இந்தக் காலத்து மனிதர்களின் பாசாங்கு! வாக்கியம் முடியாமல் திணறுகிறான், கேட்தான் ஒவ்வொன்றையும் முடித்துக் கொடுக்கிறாள். கடைசியில் ஆளை விட்டால் போதும் என்று ஓடுகிறான்.

கேட் காலையில் பட்டும் பகட்டுமாக இருப்பாள், சாயங்காலம் அப்பாவுக்காக எளிய உடை. அது அவர்களுக்குள் ஒப்பந்தம். அந்த எளிய உடையில் அவளை விடுதிப் பெண் என்று மார்லோ நினைத்துவிட்டான் என்று தெரிந்ததும் அவள் மறுக்கவில்லை. மறுத்தால் மறுபடி அந்தக் குனிந்த தலைதானே கிடைக்கும்?

இந்த இடத்தில் மார்லோவை எனக்குப் பிடிப்பதில்லை. கையைப் பிடிக்கிறான், முத்தம் கேட்கிறான். கேட் இடத்தில் உண்மையிலேயே ஓர் ஏழைப் பெண் இருந்திருந்தால்? அரங்கம் சிரிக்கிறது, எனக்குக் கொஞ்சம் நெருடுகிறது. கோல்ட்ஸ்மித்துக்கும் இது தெரிந்திருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். ஏனென்றால், அது விடுதி இல்லை, ஹார்ட்காஸில் வீடுதான் என்று தெரிந்து மார்லோ கூனிக்குறுகி நிற்கும்போது, கேட் இரண்டாவது பொய்யை எடுத்து விடுகிறாள். நான் இந்த வீட்டு ஏழைச் சொந்தக்காரி, சாவிக்கொத்து என் கையில் இருக்கிறது, அவ்வளவுதான் என்கிறாள். கண்ணைக் கசக்குகிறாள்.

அப்போதுதான் அவனுக்கு முதல் தடவையாக உறைக்கிறது. ஆனாலும் உடனே தாலி கட்டக் கிளம்பவில்லை. குலம், பணம், படிப்பு எல்லாம் இடிக்கிறது, இது நடக்காது என்று நேர்மையாகச் சொல்லிவிட்டு விலகுகிறான். காதல் நாடகத்தில் கதாநாயகன் இப்படிச் சொல்வது எவ்வளவு அபூர்வம்! கடைசி அங்கத்தில்தான், இரண்டு அப்பாக்களும் திரைக்குப் பின்னால் ஒளிந்து கேட்டுக்கொண்டிருக்க, பணம் வேண்டாம், இவள்தான் வேண்டும் என்று அவளிடம் மண்டியிடுகிறான். இதைக் கேட்பதற்கு அவளுக்கு இரண்டு பொய் தேவைப்பட்டிருக்கிறது.

டோனி கதை தனி. பெற்ற தாயை வண்டியில் ஏற்றி வீட்டைச் சுற்றிச் சுற்றி ஓட்டி, தோட்டத்துக் கோடியிலேயே இறக்கிவிட்டு, நாற்பது மைல் தள்ளி வந்துவிட்டோம் என்று நம்பவைக்கிறான். அதைப் படித்துவிட்டு நடு இரவில் நான் தனியாகச் சிரித்தேன்.

குட்டு உடைந்த பிறகு கேட் மார்லோவைச் சும்மா விடவில்லை. எந்த மார்லோவோடு பேசுவது, அந்த வாய் திறக்காத உத்தமனோடா, விடிகாலை மூன்று மணிவரை அரட்டை அடிக்கிற ஆளோடா என்று எல்லார் முன்னாலும் கேட்கிறாள். அப்புறம் மேடைக் குறிப்பு வருகிறது: அவள் அவனைச் சீண்டிக்கொண்டே இருவரும் மேடையின் பின்பக்கம் போகிறார்கள். அங்கே அவள் என்ன சொல்லிச் சீண்டினாள் என்பதற்கு வசனமே கிடையாது. அது நடிகையின் பாடு.